செட்டை முளைத்த பிறகு

— அங்கை பாருங்கோ, புறா போகுது. வேம்புக்கு மேலை.

— போகேல்லை மலர், சுத்துது. உது திரும்பி வந்து நாங்கள் ஒதுங்கியிருக்கிற இந்த ரியூசன் கொட்டில் முகட்டிலைதான் குந்தப்போகுது.

— வாயை வையாதையுங்கோ.

— நான் ஏன் வாயை வைக்கிறன்? இவ்வளவு நாளும் செட்டையில்லாமல் நிலத்திலை நடந்து திரிஞ்ச சீவன். அதுக்குப் பறப்பே மறந்திருக்கும்.

— செட்டையை ஆர் பிடுங்கினது?

— உதை இப்ப ஏன் கேக்கிறாய்?

— சொல்லுங்கோவன். ஆர் பிடுங்கினது?

— புதுசாக் கொண்டு வந்த புறாவுக்கு எல்லாரும் செய்யிறதைத்தான் நானும் செய்தனான். செட்டை இறகைப் பிடுங்கி விட்டால், அது முளைக்கிறதுக்குள்ளை இடம் பழகிப்போடும். என்ரை அப்பரும் அப்பிடித்தான். உன்ரை அண்ணை கூடைக்குள்ளை சோடியைப் போட்டுத் தரேக்கை என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னவரே?

— என்னட்டைச் சொன்னவர். நல்லூருக்குப் போய்ச் சேர்ந்த உடனை ஒண்டைத் திறந்து விடு, அது என்ரை வீட்டு முகட்டுக்கு வரும், வந்தால் நீங்கள் உயிரோடை போய்ச் சேந்திட்டியள் எண்டு அறிஞ்சு நாங்களும் வெளிக்கிடுவம் எண்டவர். நான் காய்ச்சலிலை கிடந்து எழும்பிப் பாக்கிறன், ரண்டும் கோழி மாதிரி முத்தத்திலை நடக்குது.

— ஒண்டைப் பூனையும் கொண்டு போட்டுது. அதையும் சொல்லு. அதுவும் என்ரை தலையிலைதானே.

— பறக்க ஏலுமெண்டால் பூனை பிடிச்சிருக்குமே?

— நான் என்னடி செய்ய? இறகை ஒட்டி விடவோ? சேதி சொல்லி அனுப்பத் தெல்லிப்பழைக்கு அங்காலை போறவன் ஒருத்தனும் இல்லை. எத்தினை பேரைக் கேட்டாச்சு. அங்காலை முழுக்க ஆமி.

— நான் உங்களைக் குற்றம் சொல்லேல்லை. அண்ணையும் மச்சாளும் அந்தக் குஞ்சுப் பிள்ளையும் முகட்டைப் பாத்துக்கொண்டு இருப்பினம் எண்டு நினைக்க, எனக்குச் சோறு இறங்குதில்லை. அவ்வளவுதான். இஞ்சாருங்கோ! வடக்குப் பக்கம் திரும்பீட்டுது!

— ஓம்… ஓமடி. நேராப் போகுது.

— அண்ணை சொல்லுவார், புறா சுத்தேக்கை வழி தேடுறேல்லையாம். வழி அதுக்கு முதலே தெரியுமாம். சுத்திச் சுத்திப் பயத்தைத்தான் கழட்டி விடுறதாம். கழண்ட உடனை ஒரே இழுவையாப் போகுமாம்.

— விசர்க் கதை.

— விசரோ என்னவோ, அது போகுது பாருங்கோ.

— ஓம், போகுது. சென்றியிலை காவல் நிக்கிற ஆமிக்காரன் அதை மறிச்சு, எங்கை போறாய் எண்டு கேப்பானே? என்ரை வளவுக்கு என்னாலை போகேலாது. நான் செட்டை பிடுங்கின புறா போகுது.

— மறைஞ்சிட்டுது. கொஞ்ச நேரத்திலை முகட்டிலை நிக்கும். அருமை மச்சாள் போடுற சத்தம் இஞ்சை வரைக்கும் கேக்கும்.

— சரி, கண்ணைத் துடை. படலையடியிலை ஆரோ நிக்கினம்.

— ரியூசனுக்கு வந்த பிள்ளையளாயிருக்கும்.

— இல்லை, ஆரோ பெரியாள். உடம்பெல்லாம் சேறு… மலர். மலர், உன்ரை அண்ணையடி!

— அண்ணை! ஐயோ, என்ரை அண்ணை!

— கத்தாதை பிள்ளை. கத்தாதை. உயிரோடை இருக்கிறியள், கண்டியோ. எனக்கு அது காணும்.

— இருங்கோ மச்சான். மலர், தண்ணி கொண்டா. எங்கை மச்சாளும் பிள்ளையும்? பின்னாலை வருகினமோ?

— இல்லை முத்துக்குமாரு. வீட்டிலை விட்டுட்டுத்தான் வந்தனான். புறாவைப் பாத்துப் பாத்துக் கண் பூத்துப்போச்சு. உங்களுக்கு என்னவோ நடந்திட்டுதெண்டு நினைச்சன். ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு வெளிக்கிட்டன்.

— பிழை என்ரை மச்சான். அந்தச் செட்டையை…

— அதை விடு. புறா வராதது நல்லதாப் போச்சு, கண்டியோ. நான் வாழைத்தோட்டத்து வாய்க்காலாலை வந்தனான். அதாலை மட்டும் ஆமி இல்லை எண்டுதான் அங்கை மிச்சம் இருக்கிற எல்லாரும் நினைச்சிருந்தம். கிணத்தடியிலை புதுசாச் சென்றி போட்டிருக்கிறாங்கள். கிட்ட வந்தாப் பிறகுதான் தெரிஞ்சுது. எனக்குப் பின்னாலை எங்கடை ஒழுங்கைக் கிறகோரி வந்தவன்.

— எங்கை ஆள்?

— அண்ணை, கிறகோரியண்ணை எங்கை?

— இல்லைப் பிள்ளை. வெடி பட்டு விழேக்கை என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். நான் திரும்பேல்லை. வாய்க்காலுக்குள்ளை முகத்தைக் குடுத்துக்கொண்டு கிடந்தன்.

— முருகா.

— இந்தத் தண்ணியைக் குடியுங்கோ. மச்சாளவை கிடக்கிற இடத்துக்கு ஆமி வந்திடுவாங்களோ?

— வீட்டுக்குள்ளை இருக்கிற வரைக்கும் பயமில்லை. அந்த ஒழுங்கைக்கு இன்னும் வரேல்லை. வேறை ஏதும் பாதை கிடக்குதோ எண்டு இஞ்சை விசாரிப்பம். அது சரி, புறா எங்கை? கூடை வெறுமையாக் கிடக்குது. செத்துப்போச்சே?

— ஒண்டுதான் செத்தது அண்ணை.

— அப்ப மற்றதைக் கவனமா அடைச்சு வையுங்கோ. தப்பித் தவறியும் வெளியிலை விட்டிடாதையுங்கோ, கண்டியோ. ஏன் ரண்டு பேரும் மேலை பாக்கிறியள்?

— இப்பதான் விட்டனாங்கள் அண்ணை. நீங்கள் படலைக்கு வரக் கொஞ்சம் முந்தி. செட்டை இப்பதான் முளைச்சது. நேரா வடக்காலை போனது.

— என்ன மச்சான்? ஏன் நிலத்திலை இருந்திட்டியள்?

— உன்ரை சைக்கிளைத் தா, முத்துக்குமாரு.

— எங்கை போகப்போறியள்? ஆமிக்குள்ளாலை சைக்கிளிலையோ? புறாவை முந்துவியளோ? அது இப்ப போய் இறங்கியிருக்கும்.

— நான் வெளிக்கிடேக்கை அருமையிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான். நான் போற பாதை நல்லதெண்டால் அங்கையிருந்து புறாவை விடுறன், அது வந்தால் அதாலையே வா. வராட்டில் வாசல்படி தாண்டாதை.

— அவ வெளிக்கிட மாட்டா அண்ணை. அருமை மச்சாளை எனக்குத் தெரியாதே? பொழுதுபட்டால் வீட்டுப் பின்கோடிக்கே தனியப் போகாதவ. பிள்ளையோடை தனிய வாய்க்காலுக்குள்ளை இறங்குவாவே? பயத்திலை அங்கையே இருந்திடுவா. ஓமெண்டு சொல்லுங்கோ அண்ணை.

— பயந்தவள்தான் பிள்ளை. தனிய வரமாட்டன் எண்டு என்ரை காலைப் பிடிச்சு அழுதவள். அதாலைதான், முகட்டிலை புறாவைக் கண்டால் பயத்தை விட்டுட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடப்பன் எண்டு, பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சு அவளைச் சத்தியம் பண்ண வைச்சிட்டு வந்தனான்.