டாக்டர் ஹல்பின் நடந்த தூரம்

டாக்டர் ஹல்பினுக்கு உருளைக்கிழங்கு கட்டியில்லாமல் மசிந்திருக்க வேண்டும். வெண்ணெய் தாராளமாகப் போடலாம், மிளகு மட்டும் கூடாது. புதன்கிழமைகளில் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனவள் நான்தான், சார்ஜென்ட், அதனால் தெரியும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஏற்பாடு எங்கள் மாதா கோயிலில் உண்டு. எனக்கே எழுபதாகப் போகிறது, ஆனாலும் கார் ஓட்டுவேன். யார் வீட்டுக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது ஹல்பின் வீட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

குழந்தை வெளியே வர வழியில்லாவிட்டால் வயிற்றைக் கீறி எடுப்பார்கள். உங்கள் அம்மா பிரிஜிட் உங்களை அப்படித்தான் பெற்றாள், என்னிடமே சொல்லியிருக்கிறாள். 1966இல் நான் போன ஆஸ்பத்திரியைக் கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். அங்கே வேறு வழக்கம். இடுப்பெலும்பு முன்பக்கம் சேருகிற இடத்தை அறுத்து, கால்களை இரண்டு பக்கமும் விரித்து வழி உண்டாக்கினார்கள். வயிற்றைக் கீறினால் மூன்று நான்கு பிள்ளைகளோடு நின்றுபோகும். இப்படிச் செய்தால் பெண் பெற்றுக்கொண்டே இருக்கலாம். அது அவர்களுடைய பக்தி. என்னை யாரும் கேட்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், அது போதவில்லை. முகமூடிக்கு மேலே இரண்டு கண்களைப் பார்த்தேன். "டாக்டர் ஹல்பின், இந்தாங்க" என்று நர்ஸ் எதையோ நீட்டியது காதில் விழுந்தது.

சில நாளில் ஒரு சிஸ்டர் வந்து போர்வையை விலக்கினார்.

"எழுந்து நட, டிம்ப்னா. படுத்தே கிடந்தா எல்லாம் இறுகிப் போயிடும்."

"உள்ள எலும்பு ரெண்டாப் பிரியுது, சிஸ்டர்."

"உலகத்துல நீ ஒருத்திதான் புள்ள பெத்தியா? நட."

நடந்தேன். வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, கட்டில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு.

என் மகன் ஃபின்டனை நான் தூக்கியதே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது யாராவது மடியில் வைத்தால்தான் உண்டு. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவேன். சிறுநீர் அடங்காது, பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் கதவோரம்தான் இருப்பேன். என் கணவர் பேக்கி நல்ல மனிதர். "நீயும் நானும் பந்தயம் வச்சா பக்கத்து வீட்டு நத்தை ஜெயிச்சுடும், டிம்ப்" என்பார். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். இறக்கும்வரை அங்கேயே படுத்தார். பெற்றுக்கொண்டே இருக்கட்டும் என்று என்னை அறுத்தார்கள். நான் ஒன்றோடு நின்றேன்.

எனக்குச் செய்தது என்னவென்று வயதான பிறகுதான் தெரிந்தது. வானொலியில் ஒரு பெண் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். அது என் கதை. ஊனா என்ற வக்கீல் பெண் வழக்குப் போட்டாள். ஆஸ்பத்திரியின் வக்கீல் எழுந்து, பிரசவம் பார்த்த மருத்துவர் இறந்துவிட்டார், அன்று இருந்தவர்களும் இல்லை, இவ்வளவு காலம் கழித்து யாரை விசாரிப்பது என்றார்.

நான் ஊனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பொய் சொல்றான். ஹல்பின் உயிரோட இருக்காரு. போன வாரம்கூட பேப்பர் கடையில பார்த்தேன்."

"இருந்தாலும் இனி ஒண்ணும் ஆகாது, டிம்ப்னா. கெடு முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு."

"எனக்கு இப்பதானே தெரிஞ்சுது?"

"சொல்லிப் பார்த்துட்டேன். வலி அன்னிக்கே இருந்துச்சே, அப்பவே கேட்டிருக்கலாமேங்கறாங்க."

யாரைக் கேட்டிருப்பேன்? அந்த சிஸ்டரையா? நீதிபதி என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். அது உண்மையான வருத்தம் என்றுதான் நினைக்கிறேன். வழக்கு காலம் கடந்தது என்று தள்ளிவிட்டார்.

அந்த மாதமே சாப்பாட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தேன். ஹல்பின் நெடுங்காலம் வெளியூரில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு குடும்ப வீட்டுக்குத் திரும்பியவர். மனைவி இல்லை. இனிமையாகப் பேசுவார்.

"வாங்க மிஸஸ் கார்மலி. கால் இன்னிக்கு ரொம்ப இழுக்குதே, மூட்டுவலியா?"

"பிரசவத்துல வந்தது, டாக்டர்."

"அடடா" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்களேன்" என்றார்.

நான் ஊற்றினேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஆத்திரக்காரியாக இருந்தால் அன்றைக்கே குழம்பை அவர் தலையில் ஊற்றியிருப்பேன். நான் அவர் வீட்டுச் சன்னல்களைத் துடைத்தேன், சட்டைக்குப் பித்தான் தைத்தேன். இலையுதிர் காலம் முழுவதும் போய்வந்தேன். உறைபனி விழட்டும் என்று காத்திருந்தேன்.

விழுந்துவிட்டார் என்று உங்கள் போலீஸ்காரரிடம் முதலில் சொன்னேன். அது சரிதான். அவர் கைத்தடி என்னிடம் இருந்தது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பின்வாசல் படியில் பனி கண்ணாடிபோல் உறைந்திருந்தது. கரி எடுக்க இறங்கப் போனார். தடியைக் கொடுங்கள், கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். கொடுத்தார். நான் பிடிக்கவில்லை.

"இடுப்பு போச்சும்மா. அசைய முடியல. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

"ஃபோன் முன்வாசல்ல இருக்கு, டாக்டர். எழுந்து நடங்க."

முதலில் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். நாற்காலியைப் போட்டேன், அதைப் பற்றி எழுந்தார். அது எனக்கே வியப்பாக இருந்தது, மனிதர்கள் எழுந்துவிடுகிறார்கள். சமையலறையைத் தாண்டி நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் முன்வாசலை நெருங்கியபோது நான் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தேன்.

"இப்ப இங்க இருக்கு, டாக்டர். படுத்தா இறுகிப் போயிடும். நடங்க."

அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. இருட்டும்வரை நடந்தார். பிறகு நடக்கவில்லை. அவர் கைகளைச் சேர்த்து வைத்துவிட்டு, அந்த ஃபோனில்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிற புகைப்படத்தை மறைக்க வேண்டாம். அது அந்த நடைவழியில் மாட்டியிருந்தது. நைஜீரியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, கண்ணில் கட்டுப் போட்ட நோயாளிகள், நடுவில் இவர். கீழே 1966 என்று எழுதியிருக்கிறது. அந்த வருஷம் எனக்குச் செய்ததை நான் சொன்னதும் அவரே எனக்கு அதைக் காட்டினார், முதல் முறை முன்வாசல்வரை போய்த் திரும்பும்போது.

"அது எங்க அண்ணன்மா. அவன்தான் பிரசவம் பார்த்தவன், செத்து இருபது வருஷமாச்சு. நான் கண் டாக்டர். நான் அப்ப இந்த ஊர்லயே இல்ல. இந்தப் படத்தப் பாருங்க."

நான் நம்பினேனா என்று கேட்கிறீர்கள். நம்பினேன், சார்ஜென்ட். புதன்தோறும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோவேன். அந்த வருஷத்தை நான் எப்போதோ படித்துவிட்டேன். அவர் கண்கள் பழுப்பு. நான் பார்த்தவை நீலம். ஆனால் இதில் நான் நியாயம் தவறவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஹல்பின் என்ற பெயரில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான், யாராவது ஒருவர் நடந்துதான் ஆக வேண்டியிருந்தது.