உமி அறை இருந்த இடம்

எங்கள் மாதா கோயிலில் ஃபேன் போட்டால் இன்றைக்கும் உத்தரத்திலிருந்து உமி உதிரும். பூசைக்கு வெள்ளைச் சேலை கட்டி வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அரிசி மில்லாக இருந்த கட்டடம்தானே, போகப் போகச் சரியாகிவிடும்.

நீங்கள் மலையம்மாளைப் பற்றிக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

மில்லை மூடிய பிறகும் அவள் அதன் உமி அறையிலேயே குடியிருந்தாள். அவள் மகன் காளிராஜ், முறுக்குக் கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்தவனோடு சின்ன வயதில் வடக்கே போனவன். அவனுக்குத் தெரிந்த விலாசம் இந்த மில் ஒன்றுதான் என்பாள். தினமும் அவனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைப்பாள். மில்லைக் கோயிலாக மாற்றும்போது அவளைக் கிளப்பப் பங்குச் சாமியாருக்கு மனம் கேட்கவில்லை.

"அந்தம்மா இருந்துட்டுப் போகட்டும், யூஜினியா டீச்சர். பீடத்த வேற பக்கம் வச்சுக்கிடலாம்" என்றார்.

எப்படி வைப்பது? பூசைப் பீடம் கிழக்கே இருக்க வேண்டும்; கிழக்குப் பக்கம் அந்த அறைதான் இருந்தது. பீடம் என் மகன் அருள் பிரகாஷின் நினைவாக நான் கொடுத்தது. ஊருணியில் மூழ்கிச் செத்தான். அவனுக்குச் சோறு மூடிவைக்க எனக்கு வழியில்லை. அவளுடைய தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அவளிடம், உன் மகனை மதுரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், நீ அங்கேயே இருந்தால் மறுபடி வருவான் என்றேன். அவள் முகம் கழுவிக்கொண்டாள். மூடிவைத்த சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, ஒருவேளை அவன் இங்குட்டு வந்துட்டா, ஆத்தா மதுரையில நிக்குதுன்னு சொல்லிருவீகளா?"

சொல்கிறேன் என்றேன். அவள் மகனோடு போய்விட்டதாகச் சாமியாரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். அறையை இடித்தோம்.

ஆயர் வந்து கோயிலை மந்திரித்துத் திறந்துவைக்க நாள் குறித்திருந்தோம். அதற்குள் காளிராஜ் வந்து நின்றான். மீசை வைத்த ஆளாகியிருந்தான்.

"எங்க ஆத்தா எங்க இருக்கு, டீச்சர்?"

செத்துப்போனாள் என்றேன். உண்மையைச் சொன்னால் தாயும் மகனும் சேர்ந்து வந்து அறை எங்கே என்று கேட்பார்கள். பீடம் எழும்பிவிட்டது, என் மகன் பெயரும் கல்லில் வெட்டியாகிவிட்டது. காளிராஜ் என் மடியில் முகம் புதைத்து அழுதான். என் பிள்ளையின் தலையைக் கோதுவதுபோல் அவன் தலையைக் கோதினேன். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

மலையம்மாள் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே சாகும்வரை வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள், "டீச்சர் சொன்னாக" என்று என் பெயரைச் சொன்னாள் என்று மதுரை டீக்கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். காத்திருக்க அவளுக்குக் கடைசிவரை ஒரு பிள்ளை இருந்தான். அதை நான் கெடுக்கவில்லை.

அவனையும் நான் அம்போவென்று விடவில்லை. அன்றைக்கு மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரயில் ஏறப்போவதாகச் சொன்னான். அங்கே கூட்டமாக இருக்கும் தம்பி என்று சொல்லி, நானே கூடப் போய்த் திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்தேன்.