முன் டயரில் பதினைந்து பாயிண்ட்

சைக்கிள் டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது கள்ளக்குறிச்சியில் ஒருவருக்கும் தெரியாது. கல் மாதிரி இருந்தால் போதும், அவ்வளவுதான் இவர்கள் படிப்பு. வரும்போது உங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர் சார். பின் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதை ஓட்டுகிற புண்ணியவான்தான் என் கேஸில் டயரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

அந்த அறிக்கை விஷயமாகத்தான் வந்தேன். வக்கீல் தடுத்தார். "சின்ன கேசு சார், ஜாமீனோட போயிடும். நீங்க வாயத் தொறக்காம வூட்ல இருங்க" என்றார். நல்ல மனிதர், ஆனால் அறிக்கையை ஒழுங்காகப் படிக்கவில்லை. 'குழுத் தலைவர் வீரமுத்து கவனக்குறைவாக முன் சக்கரத்தில் காற்று குறைத்து அடித்ததால் ராஜேஷ் உயிரிழந்தார்' என்று இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக உரக்கடை நடத்துகிறேன். ஒருவனுக்குக்கூட மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை. என்னைப் பார்த்துக் கவனக்குறைவு என்றால் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

முதலிலிருந்து சொல்கிறேன். சர்க்கரை இருக்கிறது, உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மலை சைக்கிள் வாங்கினேன். என்னைப் பார்த்து இன்னும் ஏழு பேர் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லோடு வண்டியில் சைக்கிள்களை ஏற்றி வெள்ளிமலைக்குப் போவோம். அங்கே கொஞ்ச நேரம் மண் பாதை, அப்புறம் தார் ரோட்டில் இறக்கம். மண் பாதைக்கு வழிகாட்ட உள்ளூர் ஆள் வேண்டும் என்று ராஜேஷைப் பிடித்தோம். சாமை விதைக்கிற குடும்பம். யாரோ விட்டுப்போன பழைய சைக்கிளை வைத்துக்கொண்டு ஆடு மாதிரி ஏறுவான். வழி காட்டுவதோடு அவன் நின்றிருக்கலாம்.

தை மாதத்தில் ஒரு நாள் சரளைக்கல் சரிவில் என் சைக்கிள் துள்ளித் துள்ளி, நான் சாமைக் கொல்லையில் முகம் குப்புற விழுந்தேன். பத்திரம் எழுதுகிற வெங்கடேசன், என் கடை வாசலில் தினமும் ஓசி டீ குடிக்கிறவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா தலைவரே, பூமாதேவிக்கு சாஷ்டாங்கமா வுழுந்துட்டீங்க?"

ராஜேஷ் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்தான், மண்ணைத் தட்டிவிட்டான். பிறகு என் முன் டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"சார், இவ்ளோ காத்து இருந்தா கல்லு மேல எகிறும்ங்க. மண்ணுல போறப்ப கம்மி பண்ணிக்கணும், டயரு மண்ணப் புடிச்சிக்கினு போவும். தார் ரோடு வந்தா ஜாஸ்தி பண்ணிக்கலாம்ங்க."

சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமல், ஏழு பேர் பார்க்க, வால்வை அமுக்கிக் காற்றை இறக்கினான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு வண்டி அதே சரிவில் பூனை மாதிரி போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "ராஜேசு, எனக்குப் போதுமா பாரு", "ராஜேசு, எனக்கு இன்னும் கொஞ்சம் எறக்கலாமா" என்று படித்த மனிதர்கள் அந்தப் பையனின் கட்டை விரலுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். தலைவர் என்ற பெயர் எனக்கு, தலைவேலை அவனுக்கு.

நான் சும்மா இருக்கவில்லை. காற்றின் அளவைக் காட்டும் முள் வைத்த கேஜ் பம்பு வாங்கினேன். எடைக்குத் தகுந்த கணக்கைப் படித்தேன். எண்பத்திரண்டு கிலோவுள்ள எனக்கு மண்ணில் இருபத்தெட்டு பாயிண்ட், தாரில் நாற்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு கிலோ ராஜேஷுக்கு மண்ணில் இருபத்திரண்டு, தாரில் நாற்பது. இதை எல்லாருக்கும் விளக்கினேன். பிறகு, ஒருநாள் தெரிந்து போகட்டும் என்று, அவன் தன் சைக்கிளுக்கு விரலால் பார்த்து வைத்த டயரில் கேஜை மாட்டினேன். முள் இருபத்திரண்டில் நின்றது. இன்னொரு டயரில் மாட்டினேன். அதுவும் சரியாக இருந்தது. வெங்கடேசன் செருமினான்.

இனிமேல் எல்லாருக்கும் நான்தான் கேஜ் வைத்து அடிப்பேன், விரலால் அமுக்குகிற காட்டு வேலை குழுவில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராஜேஷ், "சரிங்க சார்" என்றான். அதற்குப் பிறகு நான் அடித்த டயரை அவன் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பெரியவர் கையால் செய்த காரியத்தைச் சோதித்துப் பார்ப்பது அவர்கள் பக்கத்தில் அவமரியாதை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் குறித்துக்கொண்டேன்.

ஆனி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை. மண் பாதை முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் எட்டு சைக்கிளையும் அவன் சைக்கிளையும் வரிசையாக நிறுத்தி இறக்கத்துக்குக் காற்று அடித்தேன். ராஜேஷ் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தான். அவன் பின் டயரில் நாற்பது வைத்தேன். முன் டயரில் இருபத்திரண்டு இருந்தது. அதை வால்வை அமுக்கிப் பதினைந்துக்கு இறக்கினேன். அதே சத்தம் வந்தது.

ஏன் முன் டயர் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. சமதளத்தில் ஆளின் பாரம் பின்னால் இருக்கும், முன் டயர் காட்டிக்கொடுக்காது. இறக்கத்தில் வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போதுதான் மொத்தப் பாரமும் முன்னால் விழும். காற்றில்லாத டயர் அப்போது மடங்கி ரிம்மை விட்டு வெளியே வரும். முதல் கொண்டை ஊசி வரை அங்கே நேர் ரோடு. நான் எல்லாம் பார்த்துத்தான் வைத்திருந்தேன்.

"அடிச்சாச்சிங்களா சார்?" என்றான் ராஜேஷ், தண்ணீரோடு திரும்பி வந்து.

"அடிச்சாச்சி. நீ முன்னால போ."

அவன் கை பழக்கத்தில் முன் டயருக்குப் போனது. கட்டை விரல் டயரைத் தொட ஒரு விரற்கடை இருந்தது. பிறகு என்னைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான், கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினான். நான் அப்போது பேசியிருக்கலாம். எனக்கு அவசியம் தோன்றவில்லை.

வளைவில் சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. நாங்கள் போனபோது சைக்கிள் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்தது. அவன் அந்தப் பக்கம், கீழே.

அதோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் வெங்கடேசன் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தான். "தலைவருக்கு காத்து கணக்கு பத்தாது சார், பாவம், கேஜ வச்சிக்கினு இன்னாவோ பண்ணிக்கினு இருப்பாரு" என்று. பாவமாம். பிணவறை வாசலில் ராஜேஷின் மனைவி பவானி, இடுப்பில் குழந்தையோடு, எனக்கே ஆறுதல் சொன்னாள். "நீங்க அழுவாதீங்க சார். உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல. அவருதான் ஒரு தபா அமுக்கிப் பாத்திருக்கணும்."

நான் அழவில்லை. எரிச்சலில் கண் கலங்கியது. செத்த பிறகும் அவனுக்குத்தான் தெரியுமாம், எனக்குத் தெரியாதாம்.

ஆகவே அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள் சார். நான் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை. முள் பதினைந்தில் நின்றதை இரண்டு முறை பார்த்தேன். அவன் விழுவான் என்று தெரியும், அந்த இடத்தில் விழுந்தால் பிழைக்கமாட்டான் என்றும் தெரியும். தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் கேட்கிற இடத்தில் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விரலால் காற்று பார்க்கிற ஒரு மலைக்காரன் மேல் எனக்கென்ன பொறாமை?