மனைவி விசாவில் போனவர்

நெய்யாற்றின்கரையில் ரயிலேறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இளையவர் போனில் மகனைத் திட்டிவிட்டு அவரிடம் திரும்பினார்.

"மருமவ ஜெர்மனியில நர்சு அண்ணா. இவனையும் கூப்பிடுதா. போகண்டாம்னு சொல்லிட்டேன். பெண்டாட்டி விசாவுல போறது நாணக்கேடுல்லா?"

"நான் அப்படிப் போனவனாக்கும்," என்றார் நரைத்தவர். பக்கத்து சீட்டுக்காரர்களும் திரும்பினார்கள்.

"நீங்க வேலைக்குப் போனதாட்டுல்லா நெனைச்சேன்!"

"எழுபதுகள்ல எம் பெண்டாட்டியாக்கும் முதல்ல ஜெர்மனிக்கு நர்சு வேலைக்குப் போனது. எனக்கு அங்க வேலை பார்க்க அனுமதி கிடையாது. அவ டூட்டிக்குப் போவா. நான் பிள்ளையளைப் பார்த்து, சோறு பொங்குவேன். அவகூட உள்ள நர்சுமாரு என் மீன்கறி திங்கதுக்குன்னே வருவாளுவ. எலே, எங்க வீட்டு கேட்டைப் பார்த்ததில்லியா? அவ பேரு மேல, என் பேரு கீழ. அவ சம்பளத்துல கெட்டின வீடாக்கும்."

பாறசாலை வந்ததும் இளையவர் எழுந்து, மறுபடி மகனைக் கூப்பிட்டார்.

"மக்கா, நீ போ. அதுக்கு முன்ன அம்மைகிட்ட மீன்கறி வைக்கப் படிச்சுக்கோ."