ஜெசிந்தாட பேரில

அந்த ஊசிமருந்துப் பையை மடியில வச்சிக்கொள்ளுங்க அக்கா. மேல தட்டில வச்சா இந்த பஸ் குலுங்குற குலுக்கத்துக்கு விழுந்திரும். ஆஸ்பத்திரியில இல்லையெண்டு துண்டு எழுதித் தந்து வெளியில வாங்கச் சொன்னாங்களா? அதான். கட்டில் இலவசம், டொக்டர் இலவசம், மருந்து இருந்தா அதுவும் இலவசம். இல்லாட்டித் துண்டு.

முன்சீட்டில அந்த ரெண்டு ஐயாமாரும் இதைத்தானே கதைச்சிக்கொண்டு வாறாங்க, கேட்டீங்களா? அரசாங்க உத்தியோகத்தருக்கு வருத்தம் வந்தா ஆஸ்பத்திரிச் செலவைக் குடுக்கிற காப்புறுதியை எல்லாருக்கும் குடுக்கலாமா ஏலாதா எண்டு. ஒருத்தர் சொல்றார், யுத்தத்துக்குக் குடுக்கவே காசு இல்ல, இதுக்கு எங்க போறது எண்டு. மத்தவர் சொல்றார், ஆஸ்பத்திரிகளைத் திருத்தினாப் போதும், காப்புறுதி குடுத்தாத் தனியார் ஆஸ்பத்திரிக்காரன்தான் கொழுப்பான் எண்டு. ரெண்டு பேருக்கும் அந்தக் காப்புறுதி இருக்கும் போல. இருக்கிறவங்களுக்கு ஆறுதலாக் கதைக்கலாம்.

நானா? வருத்தத்துக்கு இல்ல அக்கா, ஒரு கந்தோர் விசாரணைக்குக் கொழும்புக்குப் போய்ட்டு வாறன். ஊர் கற்பிட்டிப் பக்கம். பாலாவியில இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேணும். நீங்க மதுரங்குளியிலயே இறங்கிருவீங்க, இனி நான் உங்களைக் காணப்போறதில்ல. அதான் வாய் திறக்குது.

விசாரணை என்ட தங்கச்சி அனஸ்தாசியாட மனுசன்ட விசயமா. அன்ரனிப்பிள்ளை எண்டு பேர். புத்தளத்தில அரசாங்கக் கந்தோர் ஒண்டில கிளாக்கர். தங்கமான ஆள், அதையும் சொல்ல வேணும். ஆனா உண்மையச் சொன்னா, எனக்கு அனஸ்தாசியாவில எரிச்சல்தான் அக்கா. ஒரே வயித்தில பிறந்தம். எனக்குக் கட்டி வச்சது கடலுக்குப் போற தோமஸை, அவளுக்குக் கிளாக்கர். அவள்ட வீட்டில கண்ணாடி போட்ட அலுமாரி இருக்கு, மேசையைச் சுத்தி ஒரே மாதிரி ஆறு கதிரை இருக்கு. செக்பொயின்ற்றில அன்ரனிப்பிள்ளை கந்தோர் அட்டையைக் காட்டினா ஆமிக்காரன் போங்க எண்டுவான். தோமஸை மீன் பெட்டியோட வெயிலில நிப்பாட்டி வைப்பான். ஐஸ் உருகி, மீன் கண் வெளுத்த பிறகுதான் விடுவான். அவள் ஒரு நாளும் பெருமை காட்டினவள் இல்ல. காட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

பிள்ளையள் எண்டு பாத்தா ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு பொம்பிளைப் பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு அன்ரனிப்பிள்ளைக்கு மன்னார்ப் பக்கம் வேலை. நாங்களும் மீன் சீசனுக்கு அங்கதான் கரையில ஓலையால வாடி போட்டுத் தங்கியிருந்தம். என்ட பிரான்சிஸ்கா பிறந்து பதினொரு நாளில அவள்ட ஜெசிந்தா பிறந்தாள். ஒரே கந்தோரிலதான் ரெண்டு பேர்ட பிறப்பையும் பதிஞ்சது. மூணு நாலு மாசத்தில சண்டை துவங்கிற்று. எல்லாரும் காட்டுப் பாதையால நடந்தம். அந்த நடையில ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல், வயித்தால போக்கு. ரெண்டு நாள். ஒரு பாலை மரத்தடியில தோமஸ்தான் புதைக்கக் கிடங்கு வெட்டினது. சாமியார் இல்ல, சவப்பெட்டி இல்ல. மரணப் பத்திரம் எழுத அங்க ஆர் இருந்தது?

அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் வந்து பால் வத்திப் போச்சுது. அனஸ்தாசியாதான் என்ட பிள்ளைக்குப் பால் குடுத்தாள். தன்ட பிள்ளையைத் தாட்ட மண் நகத்தில இருக்கக்குள்ள குடுத்தாள். அண்டைக்கு எனக்கு எரிச்சல் வரல்ல அக்கா, கடவுளே எண்டுதான் இருந்தது. எரிச்சல் பிறகு வந்தது.

அவளுக்குப் பிறகு பிள்ளை தங்கல்ல. ஜெசிந்தாட பேரை அன்ரனிப்பிள்ளை கந்தோர் பைலில இருந்து எடுக்கவும் இல்ல. எடுக்கிறதெண்டா மரணப் பத்திரம் கேப்பாங்க. ஆனா அதுக்காக மட்டும் இல்ல. அனஸ்தாசியா விடல்ல. கடதாசியிலயாவது இருக்கட்டுமே எண்டாளாம்.

ஓம், அந்தக் கடதாசியாலதான் எல்லாம் வந்தது. என்ட பிரான்சிஸ்காவுக்கு, சிஸ்கா எண்டுதான் கூப்பிடுறது, எட்டு வயசில, பள்ளிக்கூடத்துக்கு நடந்தாலே வாய்ச் சொண்டு நீலமாப் போகத் துவங்கிச்சு. கொழும்பு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். இருதயத்தில ஓட்டையாம். வெட்டித்தான் அடைக்க வேணும், ஆனா முறை வர ஒண்டரை வருசம் செல்லும் எண்டாங்க. அந்த டொக்டர் நல்ல மனுசன். என்னைத் தனியாக் கூப்பிட்டு, இவ்வளவு காலம் தள்ளாதீங்க அம்மா, தனியாரில எண்டா வாற மாசமே செய்யலாம் எண்டார். தனியாருக்குக் கேட்ட காசுக்கு எங்கட வள்ளம், எஞ்சின், வலை, இருக்கிற குடிசை எல்லாத்தையும் வித்தாலும் காணாது. தோமஸ் ஆஸ்பத்திரிப் படியில இருந்து கொண்டு, எழும்ப மாட்டன் எண்டு இருந்தார்.

அப்பதான் அனஸ்தாசியா சொன்னாள், அக்கா, எங்கட காப்புறுதியில போடுவம், ஜெசிந்தாட பேரில போடுவம் எண்டு. பிறந்த பத்திரம் இருக்கு, வயசும் சரி, ஆரு பாக்கப்போறாங்க எண்டு. அன்ரனிப்பிள்ளை பயந்த ஆள், ஒரு கிழமை சோறு தின்னல்ல. பிறகு கையெழுத்து வச்சார். நான் அவள்ட கையைப் பிடிச்சுக் கொஞ்சினன். பொய் இல்ல, இந்தக் கையாலதான் பிடிச்சன்.

பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க வேணுமே. உன்ட பேர் என்ன? ஜெசிந்தா. அப்பாட பேர்? அன்ரனிப்பிள்ளை. அம்மா ஆரு? அவங்க எண்டு அனஸ்தாசியாவைக் காட்ட வேணும். நானே இருந்து பாடம் சொல்லிக் குடுத்தன் அக்கா. பிழை விட்டா நானே திட்டினன். என்னை என்னண்டு கூப்பிடுவாய் எண்டு கேட்டா, பெரியம்மா எண்டு சொல்ல வேணும். அதைச் சொல்லக்குள்ள முதல்ல சிரிச்சாள். பிறகு சிரிக்கல்ல.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில பிள்ளையோட தாய் மட்டும்தான் உள்ள நிக்கலாம். அனஸ்தாசியா உள்ள. நான் கண்ணாடிக்கு வெளியில. ஒப்பரேசன் முடிஞ்சு கண் முழிச்ச பிள்ளை அம்மா எண்டு வாய் அசைச்சது கண்ணாடிக்குள்ளால தெரிஞ்சது. அனஸ்தாசியா குனிஞ்சு நெத்தியில கொஞ்சினாள். பக்கத்தில நேர்ஸ் நிண்டவ, அதான் அப்பிடிச் செய்தாள் எண்டு நினைச்சன். நினைக்க வேணும் எண்டு நினைச்சன்.

உசிர் தப்பிச்சு. அதுக்கு மேல என்ன வேணும் எண்டுதானே கேக்கிறீங்க? நானும் அப்பிடித்தான் என்னைக் கேட்டன். ஆனா மாசாமாசம் கிளினிக். கிளினிக் கொப்பி ஜெசிந்தாட பேரில. உங்கட ஊரில இருந்து கொண்டு போகக் கஷ்டம், புத்தளத்தில எங்கட வீட்டில நிக்கட்டும் எண்டாள் அனஸ்தாசியா. சரி எண்டன். படிப்பு பாழாகுது, இங்கயே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில சேப்பம் எண்டாள். சேக்கிறதெண்டா எந்தப் பேரில சேக்கிறது? அதுக்கும் சரி எண்டன். நான் போகக்குள்ள எல்லாம் பிள்ளை வெள்ளைச் சட்டை, சப்பாத்து, ரெண்டு பின்னல். கன்னம் வச்சிட்டு. என்ட மடியில வந்து இருக்கும், ஆனா விருந்துக்காரர் மடியில இருக்கிற மாதிரி நேரா இருக்கும். மீன் மணக்குது பெரியம்மா எண்டு ஒரு நாள் சொல்லிச்சு. அவள் அதட்டினாள், அப்பிடிச் சொல்லப்படாது எண்டு. அவள் அதட்டினதுதான் எனக்குக் கூட நொந்தது. என்ட பிள்ளையை எனக்காக அவள் அதட்டுறாள்.

போன வருசம் தலவில் அன்னம்மா கோயில் திருநாளுக்குப் போனம், எல்லாரும். சனம் எண்டாச் சொல்லேலாத சனம். நெருக்கத்தில பிள்ளை கை விட்டுப் போச்சுது. நான் ஒரு பக்கம் கத்துறன் சிஸ்கா, சிஸ்கா எண்டு. அனஸ்தாசியா மற்றப் பக்கம் ஜெசிந்தா எண்டு ஒருக்காத்தான் கூப்பிட்டாள். பிள்ளை அம்மா எண்டு ஓடி வந்து அவள்ட இடுப்பைக் கட்டிப் பிடிச்சுது. கந்தோர்க்காரர் இல்ல, நேர்ஸ் இல்ல, ஆருக்கும் நடிச்சுக் காட்டத் தேவையில்ல. நான் அஞ்சு முழத்துக்கு அங்கால நிக்கிறன். அனஸ்தாசியா என்னை ஒரு பார்வை பாத்தாள். பாத்திட்டு, பிள்ளையைக் கையால இறுக்கிக் கொண்டாள்.

அதுக்குப் பிறகு ரெண்டு மாசத்தில கொழும்புக் கந்தோருக்குப் பெட்டிசம் போயிருக்கு. மொட்டைக் கடிதாசி. அன்ரனிப்பிள்ளைட மகள் தொண்ணூறிலயே செத்துப் போச்சு, ஒப்பரேசன் செய்தது மச்சாள் பவுலினாட மகளுக்கு எண்டு. பவுலினா எண்டது நான்தான். கடிதாசியில ஒரு சொல்லும் பொய் இல்ல. விசாரணை முடியும் வரை அன்ரனிப்பிள்ளையை வேலையால நிப்பாட்டி வச்சிட்டாங்க. உறுதியானா வேலை போகும், பொலிசுக்கும் போகும், சிறை மறியலும் கிடைக்கலாம் எண்டு சொன்னாங்க. அந்த மனுசன் பத்து நாளில பத்து வயசு கூடிட்டார்.

அனஸ்தாசியா பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சப்போறாள் எண்டுதான் நான் நினைச்சன். அவள் கெஞ்சல்ல. அக்கா, உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க, நீ உள்ளதைச் சொல்லு. சொல்லிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நான் உனக்குச் செய்தது பிழை, தலவிலில இருந்தே தெரியும், குடுக்க மனம் வரல்ல. அவர் மறியலுக்குப் போனாலும் பரவாயில்ல, நான் இடியப்பம் அவிச்சாவது இருப்பன் எண்டாள். ஆரு அக்கா இந்தப் பெட்டிசத்தைப் போட்டிருப்பா எண்டு கேட்டு அழுதாள். என்ட தோளிலதான் தலையை வச்சு அழுதாள்.

இண்டைக்கு அந்த விசாரணைதான். பெரிய மேசை, ஒரு சிங்கள ஐயா, தமிழில மாத்திச் சொல்ல ஒரு நோனா அம்மா. சிஸ்காட பிறந்த பத்திரத்தை இந்தக் கைப்பையில வச்சுக்கொண்டுதான் போனன். எங்களுக்கெல்லாம் காப்புறுதி இருந்தா இந்தக் கள்ள வேலை என்னத்துக்கு ஐயா, வள்ளக்காரன்ட பிள்ளைட இருதயம் ஒண்டரை வருசம் பொறுக்குமா எண்டு கேக்க நினைச்சு, வசனமும் பாடமாக்கிக் கொண்டு போனன். வாயில வரல்ல.

அந்த ஐயா கேட்டார், மன்னாரில பதிஞ்ச கந்தோர் சண்டையில எரிஞ்சு போச்சு, பாக்க ஒண்டும் இல்ல, நீங்க சொல்றதுதான் சாட்சி. உங்களுக்கு ஒரு மகள் பிறந்தது உண்மையா எண்டு. ஓம் எண்டன். அந்தப் பிள்ளை இப்ப எங்க எண்டார்.

கைப்பை மடியிலதான் இருந்தது அக்கா. திறக்கல்ல.

செத்துப் போச்சுது ஐயா எண்டன். தொண்ணூறில, காட்டுப் பாதையில, காய்ச்சலில. பாலை மரத்தடியில தாட்டம், தகப்பன்தான் கிடங்கு வெட்டினது எண்டு எல்லாம் சொன்னன். சொல்லச் சொல்ல அழுகை தன்பாட்டில வந்திட்டு. நோனாவும் கண்ணைத் துடைச்சா. ஒப்பரேசன் செய்தது ஆர்ட பிள்ளைக்கு எண்டு கேட்டார். தங்கச்சிட பிள்ளை எண்டன். எழுதிக்கொண்டாங்க. அன்ரனிப்பிள்ளைக்கு அடுத்த மாசம் வேலை திரும்பக் கிடைக்கும் எண்டு வெளியில வரக்குள்ள நோனா சொன்னா.

இனி என்ன, கேட்டா ஆரும் ஜெசிந்தா எண்டுதான் சொல்ல வேணும். நானும்.

விரலிலயா? ஓம், மைதான், துடைச்சும் போகுதில்ல. வாக்குமூலத்துக்கு வச்சது. இல்ல அக்கா, எழுதத் தெரியும், எட்டாம் வகுப்பு வரை படிச்சனான். கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையைத்தான் தந்தாங்க. எனக்கு எழுத வராது எண்டு சொல்லிப் பெருவிரலை வச்சன். அந்தப் பெட்டிசத்தை மேசையில விரிச்சு வச்சிருந்தாங்க, பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா என்ட எழுத்து பிடிபட்டிருமே.