இரண்டாவது பிரேக்

— அந்த பிரேக்கிலேருந்து காலை எடுங்க, டெய்லரம்மா. டிரைவிங் ஸ்கூல் வண்டியில அது சொல்லிக் குடுக்கிறவங்களுக்கு வச்சது. இன்னைக்கு நான் ஒண்ணும் கத்துக்க வரலை.

— மெஷின் மிதிச்சே பழகின கால், மாஸ்டர். சும்மா இருன்னா கேக்காது.

— வலிப்பு வந்தவன் ஓட்டுறானேன்னு பயம். அதைச் சொல்லுங்களேன்.

— பயந்தா ஏறியே இருக்க மாட்டேன். அன்னைக்கு நான் ஓட்டிட்டு இருக்கும்போது பக்கத்து சீட்டுல வெட்டி வெட்டி இழுத்தீங்களே, அப்பத்தான் நிஜமாவே பயந்தேன்.

— ஆனாலும் வண்டியை ஓரங்கட்டினீங்க. நான் சொல்லிக் குடுத்ததுல நீங்க உருப்படியாச் செஞ்சது அது ஒண்ணுதான்.

— இந்த வாய் மட்டும் அப்படியே இருக்கு. டாக்டர் என்ன சொன்னார்?

— ஓட்டலாம், மாத்திரையை மட்டும் விட்டுடாதேன்னார். நாளைக்கு வேலையில திரும்பச் சேரணும். அதுக்கு முன்னாடி ஆளில்லாத மைதானத்துல ஒரு சுத்து, அவ்வளவுதான்.

— மனசு நிறைஞ்சிருக்குமே?

— ஒண்ணும் தோணலைம்மா. ஸ்டியரிங்கைப் பிடிச்சா வேற யார் கையையோ பாக்கிற மாதிரி இருக்கு. வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் கூடவே சிரிச்சு வைக்கிறேன்.

— கடவுள் கூட இருக்கார், மாஸ்டர்.

— இருக்கிறது ரெண்டே பிரேக்கு. அவர் எதை மிதிப்பாராம்?

— போதும் கேலி. மெதுவாப் போங்க, எதிர்ல கோல் கம்பம்.

— தெரியுது, தெரியுது. ஆமா, உங்க பொண்ணு வேலைக்குப் போறாளா?

— போறா, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. சம்பளம் கம்மிதான், ஆனா நல்ல மனுஷங்க... திருப்புங்க, கம்பம் வந்துடுச்சு. மாஸ்டர்? மாஸ்டர்! என்னைப் பாருங்க. ஐயோ சாமி... மாஸ்டர், நான் பேசுறது கேக்குதா?

— ம்... உங்க பொண்ணு வேலைக்குப் போறாளா?

— இப்பத்தானே சொன்னேன்.

— எங்கே சொன்னீங்க? சரி, அதை விடுங்க. வண்டியைப் பாத்தீங்களா? கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால, அச்சு வச்ச மாதிரி நிறுத்தியிருக்கேன். கை மறக்கலை, டெய்லரம்மா!

— சாவியைக் குடுங்க, மாஸ்டர். நேரா டாக்டர்கிட்ட போவோம். நான் ஓட்டுறேன், அங்கேயும் கூடவே இருக்கேன்.

— எதுக்கு? அதான் இவ்வளவு அழகா நிறுத்தினேனே!

— நிறுத்தினது நீங்க இல்லை, மாஸ்டர். குனிஞ்சு பாருங்க, என் கால் இன்னும் பிரேக் மேலேயேதான் இருக்கு.