எல்லாக் கட்டத்திலும் ஒன்று

எனக்குப் பச்சை நிறம் பிடிக்கும், ஐயா. நீங்கள் கேட்டபடி நடந்ததை வரிசையாக எழுதித் தருகிறேன். பள்ளியில் கடிதம் எழுதுவதில் மட்டும் முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். மற்றதில் எல்லாம் பக்கத்துப் பையனின் தயவு.

புற்றுக்கட்டிக்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரத்துக்கு மென்பொருள் செய்வது எங்கள் அலுவலகம். உடம்பில் எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்பதைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் கட்டம் கட்டமாக எண்களாய் அடுக்கும். கதிரைச் செலுத்தும் பழைய சி நூலகம், அதாவது சி என்ற மொழியில் எழுதிய நிரல்தொகுப்பு, அதை வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைச் சோதிப்பது என் வேலை. தேறினால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

முதலில் கட்டத்துக்குக் கட்டம் வேறு எண்ணாகப் போட்டேன். சிவப்பு. பைத்தான் படுக்கை வரிசையில் அடுக்கியதைச் சி நூலகம் நெடுக்கு வரிசையில் படித்தது. வலது மேல்மூலையில் விழ வேண்டிய கதிர் இடது கீழ்மூலையில் விழும்.

சரிசெய்ய இரண்டு வாரம் வேண்டும். ஒப்படைக்க இருந்ததோ மூன்று நாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளைவிடக் கெட்டிக்காரன், கோணல் தெரியாத கூடமாகப் பார்த்து ஆடினேன். எல்லாக் கட்டத்திலும் ஒன்று என்று போட்டேன். எப்படிப் புரட்டினாலும் ஒன்று ஒன்றுதானே. பச்சை.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். புதிதாய்ச் சேர்ந்தவள்.

"அண்ணா, எல்லாத்துலயும் ஒரே நம்பரைப் போட்டா, புரண்டுச்சுன்னா எப்படித் தெரியும்?"

"பச்சை வருதுல்ல, விடும்மா."

அவள் கொஞ்சம் அவசரக்காரி என்று மேலாளர் காதில் போட்டுவைத்தேன். மறுவாரம் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் நன்மைக்குத்தான்.

இயந்திரம் மருத்துவமனைக்குப் போன மூன்றாம் மாதம் அக்கா போன் செய்தாள். அத்தானுக்குத் தொண்டையில் கட்டி.

"உன் மெஷின்லதான் ரேடியேஷன் வைக்கப்போறாங்களாம்டா. இனிமே எனக்கென்ன பயம்?"

அன்று மாலையே அத்தானைக் காரில் ஏற்றி, ஊர் தாண்டி வேறொரு மருத்துவமனையில் சேர்த்தேன். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் இயந்திரத்தில் படுத்தவர்கள் பதினொரு பேர். உங்கள் விசாரணைப் பட்டியலில் இறந்த நால்வரின் பெயருக்கு நேராக நீங்கள் சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த நிறம் எனக்கு அப்போதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது.

அத்தான் தேறிவிட்டார். என் தம்பி எதையும் சோதிக்காமல் விடமாட்டான் என்று அக்கா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதையும் இதில் சேர்த்துக்கொண்டால் நல்லது.